செல்லுக்குள் புரதத்தின் நகர்வை அளக்க எந்த முறை?

சமிக்ஞை கடத்தும் ஒரு புரதத்தோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைத்து, உயிருள்ள செல்லுக்குள் அது எவ்வளவு விரைவாக நகர்கிறது என்று அளக்கப் புறப்படும் ஆய்வு மாணவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. லேசரால் ஒரு சிறு வட்டத்தை வெளுக்கச் செய்து (அதாவது அங்குள்ள ஒளிர்புரதங்களின் ஒளிரும் திறனை அழித்து), அங்கே ஒளி திரும்பி வருவதைக் கவனிப்பது ஃபிராப். அசையாமல் நிற்கும் லேசர் புள்ளிக்குள் மூலக்கூறுகள் வந்து போவதால் ஒளியில் எழும் ஏற்ற இறக்கங்களை ஆராய்வது எஃப்சிஎஸ். மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து அவற்றின் தடத்தை வரைவது எஸ்பிடி. மூன்றும் தருவது, மூலக்கூறுகள் தாமாகவே அலைந்து பரவும் வேகத்தைச் சொல்லும் விரவல் குணகம் என்ற ஒரே பெயருள்ள எண்ணைத்தான். அலகும் ஒன்றே, நொடிக்கு இத்தனை சதுர மைக்ரோமீட்டர். பெயரும் அலகும் ஒன்றாக இருப்பதால் எண்ணும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பி, எந்தக் கருவி காலியாக இருக்கிறதோ அதில் நேரம் பதிவு செய்துகொள்வது பல ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகிவிட்டது. தவறு அங்கேதான் தொடங்குகிறது. எந்த நீளத்தில், எந்தக் கால இடைவெளியில் பார்க்கிறோம் என்பதை முறைதான் தீர்மானிக்கிறது. செல்லுக்குள் அந்த இரண்டும் மாறினால் விடையும் மாறிவிடுகிறது.

தண்ணீரில் இந்தச் சிக்கல் இல்லை. பச்சை ஒளிர்புரதத்தின் விரவல் குணகம் தண்ணீரில் நொடிக்கு ஏறத்தாழ 87 சதுர மைக்ரோமீட்டர். எந்த முறையில் அளந்தாலும் அதை ஒட்டிய மதிப்புதான் வரும். பாலூட்டியின் சைட்டோபிளாசத்தில் அதே புரதம் சுமார் 27 ஆகவும், ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் சுமார் 7.7 ஆகவும் குறைந்துவிடுகிறது. எதனோடும் ஒட்டாத, உருளை வடிவான ஒரு வேற்றுப் புரதத்துக்கே இந்த நிலை என்றால், பிணைவதையே தொழிலாகக் கொண்ட சமிக்ஞைப் புரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, புரோட்டீன் கைனேஸ் சி ஆல்ஃபா என்ற சமிக்ஞைப் புரதத்தை எடுத்துக்கொள்வோம். கால்சியம் உயரும் வரை சைட்டோபிளாசத்தில் மிதந்துகொண்டிருக்கும் இது, சமிக்ஞை வந்ததும் செல் சவ்வுக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. இதன் எடை சுமார் 80 கிலோடால்டன். இணைத்த ஒளிர்புரதம் 27. விரவல் குணகம் எடையின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று கொண்டால், மொத்த எடை நான்கு மடங்காகும்போது குணகம் 1.6 மடங்கு குறைந்து 17 அளவில் நிற்க வேண்டும். அளவீடு இதைவிட மிகவும் குறைவாக வந்தால், புரதம் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுவிட்டுக் கருவியறைக்குள் நுழைவது நல்லது.

ஃபிராப் இவற்றில் எளிதானது. 1976இல் ஆக்செல்ராடும் வெப் குழுவினரும் அதன் கணித வடிவத்தை வகுத்தார்கள். இன்று எந்தக் கன்ஃபோகல் நுண்ணோக்கியிலும் (லேசரால் புள்ளி புள்ளியாகப் படமெடுக்கும் கருவி) அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. புரதம் செல்லில் எவ்வளவு மிகுதியாக இருந்தாலும் கவலையில்லை. சீராக வெளுக்கவைத்த வட்டத்தின் ஆரத்தை வர்க்கப்படுத்தி 0.224ஆல் பெருக்கி, ஒளி பாதி மீள ஆகும் நேரத்தால் வகுத்தால் விரவல் குணகம் கிடைத்துவிடும். இந்த எளிமையே ஆளை ஏமாற்றுவதும் உண்டு. 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில், குணகம் 17 உள்ள புரதம் பாதி மீள 13 மில்லிநொடி போதும். சாதாரண கன்ஃபோகலில் வெளுக்கவைப்பதற்கே பல பத்து மில்லிநொடி ஆகிறது. லேசர் அணைவதற்குள் வெளுத்த மூலக்கூறுகள் வெளியேறியும் புதியவை உள்ளே நுழைந்தும் விடுவதால், மீட்சியின் முதல் பகுதியை நாம் பார்ப்பதே இல்லை. எஞ்சிய மெதுவான வாலை மட்டும் பொருத்திப் பார்த்துக் குணகம் குறைவு என்று எழுதிவிடுகிறோம். சவ்வில் ஒட்டிய பிறகு குணகம் 0.1 அளவுக்கு இறங்கும் புரதத்துக்கு அதே வட்டத்தில் பாதி மீட்சிக்கு 2.2 நொடி ஆகும். அங்கே ஃபிராப் நிம்மதியாக வேலை செய்கிறது.

இன்னொரு பொறி, மீட்சி முழுமையாகாமல் நின்றுவிடுவதை நகராத பங்கு என்று படிப்பது. நானே ஒருமுறை, மீட்சி வளைகோடு 0.75இல் தட்டையானதைப் பார்த்து, புரதத்தில் கால்பங்கு எங்கோ கட்டுண்டு கிடக்கிறது என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். செல் மிகச் சிறியது என்பதையும், நான் வெளுக்கவைத்த வட்டம் அதன் மொத்தப் புரதத்தில் கால்பங்கை விழுங்கியிருந்தது என்பதையும், செல் முழுவதின் ஒளியைக் கூட்டிப் பார்த்த பிறகே உணர்ந்தேன். கட்டுண்டு கிடந்தது எதுவும் இல்லை. மீள வேண்டிய ஒளியை நானே அழித்திருந்தேன்.

இத்தனை குறைகளுக்கு நடுவில் ஃபிராப்பின் பெரிய பலம் ஒன்று உண்டு. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. வட்டத்தின் ஆரத்தை மாற்றி மாற்றி அளக்க வேண்டும். ஆரத்தை இரட்டிப்பாக்கும்போது மீட்சி நேரம் நான்கு மடங்கானால் நாம் பார்ப்பது விரவல். ஆரத்தை மாற்றியும் மீட்சி நேரம் அசையாமல் நின்றால் நாம் பார்ப்பது பிணைப்பு: மூலக்கூறு வந்து சேர ஆகும் நேரத்தைவிட, பிடித்த பிடியை விட ஆகும் நேரம் நீண்டிருக்கிறது. குளுக்கோகார்ட்டிகாய்டு ஹார்மோன் ஏற்பி டிஎன்ஏயில் தனக்குரிய இடத்தைப் பிடித்தால் வெகுநேரம் அங்கேயே இருக்கும் என்று எண்ணப்பட்ட காலத்தில், 2000ஆம் ஆண்டு மெக்நாலி, ஹேகர் குழுவினர் ஃபிராப்பைக் கொண்டுதான் அது சில நொடிகளிலேயே வந்து போகிறது என்று காட்டினார்கள். பிணைப்பைப் பற்றிய கேள்விக்கு ஃபிராப் தரும் விடை, விரவலைப் பற்றித் தரும் விடையைவிட நம்பத்தக்கது.

எஃப்சிஎஸ் முறையை 1972இல் மேக்டி, எல்சன், வெப் மூவரும் அறிமுகப்படுத்தினார்கள். ஒரு ஃபெம்டோலிட்டர் அளவுள்ள லேசர் குவியத்தில், 1 நானோமோலார் கரைசலில் சராசரியாக 0.6 மூலக்கூறு இருக்கும். ஒன்று நுழைந்தால் ஒளி எழும், வெளியேறினால் விழும். எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறது என்பதை, ஒளியின் ஏற்ற இறக்கத்தைச் சற்றுப் பிந்திய அதே ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டு வரையும் தன்னொப்புமை வளைகோடு சொல்லிவிடுகிறது. கால் மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குவியத்தில் நம்முடைய கைனேஸ் தங்கும் நேரம் சுமார் 0.9 மில்லிநொடி. ஃபிராப் தவறவிடும் அந்த வேகமான பகுதி இங்கே துல்லியமாகப் பிடிபடுகிறது. கூடவே செறிவும் கிடைத்துவிடுகிறது. சமிக்ஞைக் கணக்குக்குச் செறிவு இல்லாமல் தீராது என்பதால் இதைச் சிறிய ஆதாயமாக எண்ணக்கூடாது.

எஃப்சிஎஸ் கேட்கும் விலை செறிவைக் குறைவாக வைத்திருப்பது. வழக்கமான மிகை வெளிப்பாட்டில், அதாவது செல்லை இயல்பைவிட மிகுதியாக உருவாக்கவைக்கும்போது, புரதம் மைக்ரோமோலார் அளவுக்கு ஏறிவிட்டால், குவியத்தில் ஒரே நேரத்தில் 600 மூலக்கூறுகள் நிற்கும். ஏற்ற இறக்கம் மொத்த ஒளியில் 4 சதவீதமாகச் சுருங்கிப் பின்னணி இரைச்சலோடு போட்டியிட வேண்டியிருக்கும். படத்தில் அழகாகப் பளிச்சிடும் செல்லை மாணவர்கள் ஆசையோடு தேர்ந்தெடுக்கிறார்கள்; எஃப்சிஎஸ்ஸுக்கு வேண்டியது கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் செல். மேலும், சவ்வில் மெதுவாக நகரும் புரதம் குவியத்துக்குள் 150 மில்லிநொடிக்கு மேல் தங்குவதால், வெளியேறுவதற்கு முன்பே வெளுத்துவிடுகிறது. கருவிக்கு அது வெளியேறியதாகவே தெரியும். குணகம் உண்மையைவிடக் கூடுதலாக வரும். ஃபிராப் வேகமானதை மெதுவாக்கிக் காட்டுகிறது, எஃப்சிஎஸ் மெதுவானதை வேகமாக்கிக் காட்டுகிறது.

குவியத்தின் ஆரம் கணக்கில் வர்க்கமாக நுழைவதால், எஃப்சிஎஸ்ஸின் நேர்மை முழுவதும் அளவுத்திருத்தத்தில் இருக்கிறது. காலையில் கண்ணாடித் தகட்டின்மேல் ரோடமின் 6ஜி சாயக் கரைசலில் ஒரு துளி விட்டு, நீரில் தோயும் லென்ஸின் திருத்த வளையத்தை மயிரிழை அளவு திருப்பித் திருப்பி, ஒரு மூலக்கூறுக்குரிய ஒளி உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். தகட்டின் தடிமன் 0.17 மில்லிமீட்டரிலிருந்து சற்று விலகினாலும் வளையம் வேறு இடத்தில் நிற்கும். செல் வளர்த்த தட்டும் சாயத் துளி விட்ட தட்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்திருப்பது நலம். பிறகு அந்தச் சாயத்தின் அறியப்பட்ட குணகத்தைக் கொண்டு குவியத்தின் ஆரத்தைக் கணக்கிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், பல ஆண்டுகளாக எல்லோரும் அந்தச் சாயத்தின் குணகத்தை 280 என்று வைத்துக் கணக்கிட்டு வந்தார்கள். பிறகு செய்த துல்லியமான அளவீடுகளில் அது 25 டிகிரியில் 414 என்று தெரிந்தது. ஆகவே 280ஐ வைத்துக் கணக்கிட்ட பழைய கட்டுரைகளில் உள்ள புரதக் குணகங்களை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கித்தான் படிக்க வேண்டும். தங்கள் எண் முந்தைய கட்டுரையோடு ஒத்துவரவில்லை என்று வருந்தும் மாணவர்கள் முதலில் அந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எந்த எண் போடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. வெப்பநிலையும் அப்படியே: 22 டிகிரியில் திருத்தி 37 டிகிரியில் அளந்தால், தண்ணீரின் பாகுநிலை மாற்றமே குணகத்தை ஏறத்தாழ 1.4 மடங்கு உயர்த்திவிடும்.

இந்த இரண்டு முறைகளும் நேருக்கு நேர் மோதிய இடம் பழ ஈயின் முட்டை. அரை மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தக் கருவின் முன்முனையில் உருவாகும் பைகாய்டு என்ற புரதம், பின்முனை நோக்கிச் செறிவு குறைந்துகொண்டே போகும் ஒரு சரிவை அமைக்கிறது. தலை எங்கே, மார்பு எங்கே என்று உட்கருக்கள் அந்தச் சரிவைப் படித்துத்தான் முடிவு செய்கின்றன. சரிவின் நீளம் சுமார் 100 மைக்ரோமீட்டர். முட்டையிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அது அமைந்துவிடுகிறது. 2007இல் கிரிகோர் குழுவினர் ஃபிராப் வழியே பைகாய்டின் குணகத்தை அளந்தபோது நொடிக்கு 0.3 சதுர மைக்ரோமீட்டர் வந்தது. இந்த எண்ணோடு சரிவின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டால், சரிவு நிலைபெற 33,000 நொடி, அதாவது ஒன்பது மணி நேரம் ஆக வேண்டும். கருவுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. பைகாய்டு வெறும் விரவலால் பரவுகிறது என்ற கருத்தையே கைவிட வேண்டுமோ என்ற ஐயம் எழுந்தது. 2010இல் ஃபிராடின், தோஸ்தாத்னி குழுவினர் அதே புரதத்தை எஃப்சிஎஸ்ஸால் அளந்தபோது 7 அளவில் வந்தது. இருபது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. 7ஐ வைத்துக் கணக்கிட்டால் சரிவு 24 நிமிடத்தில் அமைந்துவிடும். கரு உரிய நேரத்தில் வளர்ந்துவிடும்.

எந்த எண் சரி என்று கேட்பதைவிட, எந்த எண் எதற்குச் சரி என்று கேட்பது பொருத்தம். பைகாய்டு உட்கருவுக்குள் போய் டிஎன்ஏயோடு பிணையக்கூடியது. எந்தக் கணத்திலும் 20 மூலக்கூறுகளில் 19 பிணைந்தும் ஒன்று மட்டும் விடுபட்டும் இருப்பதாக வைத்துக்கொண்டால், விடுபட்ட மூலக்கூறின் குணகம் 7 ஆக இருந்தாலும் நீண்ட நேரச் சராசரியில் அது 0.35 ஆகத்தான் தெரியும். இது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு என்றாலும், பல மைக்ரோமீட்டர் அகலத்தை நிமிடக்கணக்கில் பார்க்கும் ஃபிராப்பும், மூன்றில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த புள்ளியை மில்லிநொடிக் கணக்கில் பார்க்கும் எஃப்சிஎஸ்ஸும் எப்படி விலகும் என்பதை இது காட்டுகிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பிணைப்பிடங்கள் நிறைந்துகொண்டு வரும்போது, குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு நகரும் வேகமும், செறிவில் ஏற்பட்ட ஒரு மேடு பரவும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை, பின்னதே விரைவானது. பொன்சே டாசன், பியர்சன் முதலியோர் 2006இலிருந்து வலியுறுத்திவரும் கருத்து இது: தூதரைவிடச் செய்தி விரைவாகப் போய்ச் சேர்கிறது. அடைத்திருக்கும் வரிசையில் புதிதாக ஒருவர் நுழைந்தால் முன்னால் நிற்பவர் நகர்ந்தாக வேண்டும். நுழைந்தவர் அங்கேயே நின்றாலும் தள்ளல் கடைசிவரை போய்விடுகிறது. சமிக்ஞை நேரத்தில் சேர்ந்ததா என்பது நம் கேள்வியானால், வெளுத்த மூலக்கூறுகளுக்குப் பதிலாக வெளுக்காதவை வந்து சேர்வதை அளக்கும் ஃபிராப் தூதரைப் பற்றித்தான் பேசுகிறது என்பதை மறக்கக்கூடாது.

எஸ்பிடிக்கு வருவோம். மேலே சொன்ன இரண்டும் சராசரியைத் தருபவை. இது ஒவ்வொரு மூலக்கூறின் கதையையும் தனித்தனியே சொல்கிறது. ஒரு மூலக்கூறிலிருந்து 100 ஃபோட்டான்கள் கிடைத்தால் அதன் இருப்பிடத்தை 25 நானோமீட்டருக்குள் குறிக்கலாம். ஹேலோடேக் என்ற இணைப்புப் புரதத்தின் வழியே இணைக்கும் புதிய சாயங்கள் பச்சை ஒளிர்புரதத்தைவிட நீண்ட நேரம் ஒளிர்கின்றன. செல் சவ்வைப் பற்றி இந்த முறை சொன்னது மற்ற இரண்டாலும் எளிதில் சொல்ல முடியாதது. குசுமி குழுவினர் 40 நானோமீட்டர் தங்கத் துகளைச் சவ்வுக் கொழுப்பு மூலக்கூறோடு இணைத்து, 25 மைக்ரோநொடிக்கு ஒரு படம் வீதம் எடுத்தபோது, எலிச் சிறுநீரகச் செல்லில் அது சுமார் 230 நானோமீட்டர் அகலமுள்ள கட்டம் ஒன்றுக்குள் வேகமாக அலைந்துவிட்டு, சராசரியாக 11 மில்லிநொடிக்கு ஒருமுறை அடுத்த கட்டத்துக்குத் தாவியது. சவ்வின் அடியில் பின்னியிருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் சட்டகமே வேலி என்பது அவர்கள் விளக்கம். சாதாரணக் காணொளி வேகமான 33 மில்லிநொடியில் எடுத்தால் வேலியும் தெரியாது, தாவலும் தெரியாது. மெதுவான, குற்றமற்ற விரவல் மட்டுமே தெரியும். தங்கத் துகள் ஒன்றுக்கு மேற்பட்ட கொழுப்பு மூலக்கூறுகளைப் பிடித்து இழுக்கிறதோ என்ற எதிர்வாதமும் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது.

சைட்டோபிளாசத்தில் எஸ்பிடி தடுமாறுகிறது. குணகம் 10 உள்ள புரதம் 10 மில்லிநொடிப் படம் ஒன்றுக்குள் 0.6 மைக்ரோமீட்டர் ஓடிவிடுவதால், புள்ளியாக விழ வேண்டிய பிம்பம் கறையாகிவிடுகிறது. ஒரு மைக்ரோமீட்டர் கூட ஆழமில்லாத குவியத் தளத்தை விட்டு வேகமான மூலக்கூறுகள் முதலில் தப்பிவிட, நீண்ட தடங்களாக எஞ்சுபவை மெதுவானவையே. திருத்தம் செய்யாமல் தடங்களை எண்ணினால், பிணைந்தவற்றின் பங்கு உள்ளதைவிட மிகுதியாகத் தெரியும். சவ்வில் இந்தத் தொல்லை குறைவு: குணகம் 0.1 ஆனால் அதே 10 மில்லிநொடியில் நகர்வு 63 நானோமீட்டர். இருப்பிடத் துல்லியத்துக்கு அது போதுமான இடைவெளி.

இனி நம்முடைய கைனேஸுக்கு எது என்ற கேள்வி. சமிக்ஞைக்கு முந்திய சைட்டோபிளாச நிலைக்கு நான் எஃப்சிஎஸ்ஸையே தேர்ந்தெடுப்பேன். மங்கலான செல்களைக் கிடைக்கச் செய்ய ஒரு மாதம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை. சமிக்ஞைக்குப் பிந்திய சவ்வு நிலைக்கு எஸ்பிடி. அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் சவ்வில் எவ்வளவு நேரம் அமர்கிறது என்பதும் சேர்ந்து கிடைக்கும். அந்த நேரத்தோடு சாயம் வெளுக்கும் நேரம் கலந்துவிடாமல் இருக்க, படங்களுக்கு இடையிலான இடைவெளியை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஆனால் கையில் கன்ஃபோகல் ஒன்று மட்டுமே இருந்து, ஒரே முறையைத்தான் கற்க முடியும் என்றால், ஃபிராப்பை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். குறைந்தது மூன்று வெவ்வேறு ஆரங்களில் அளந்து, விரவலா பிணைப்பா என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். சைட்டோபிளாசக் குணகத்துக்கு எண் எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளலாம். மூன்று முறைகளிலும், இணைப்பில்லாத வெறும் பச்சை ஒளிர்புரதத்தை அதே செல்லில், அதே நாளில் அளப்பது கட்டாயம்; அது 27ஐ ஒட்டி வராவிட்டால் கைனேஸின் எண்ணைப் பற்றிப் பேசவே தொடங்கக்கூடாது.

இந்தத் தெரிவுக்கு வெளியே நிற்கும் ஒரு வகையையும் குறிப்பிட வேண்டும். புரதமோ, அதைச் சுமக்கும் குமிழோ செல்லுக்குள் தண்டவாளம்போல் கிடக்கும் நுண்குழாயின்மேல் கைனசின் என்ற இயக்கப் புரதத்தால் இழுத்துச் செல்லப்பட்டால், அதை விரவல் குணகத்தால் விவரிப்பதே பொருந்தாது. கைனசின் ஓர் அடிக்கு 8 நானோமீட்டர் வீதம், நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய வேகத்தில் நடக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள நரம்பிழையை அது இரண்டு வாரத்தில் கடந்துவிடும். குணகம் 10 உள்ள புரதம் விரவலை மட்டும் நம்பினால் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அங்கே மூன்று கருவிகளையும் ஒதுக்கிவிட்டு, நரம்பிழையின் நீளத்தைக் கிடையாகவும் நேரத்தைச் செங்குத்தாகவும் வைத்து ஒவ்வொரு படத்தையும் கோடு கோடாக அடுக்கினால் போதும். சாய்ந்த கோடுகளின் சாய்விலிருந்தே வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம்.